அண்ணன் இடுப்பில் இருந்த நம்பர்

இது நடந்தது 2007-இல், ஆவணி மாதப் பௌர்ணமியில். இடம் அடி அண்ணாமலை, கிரிவலப் பாதை ஓரம், எங்கள் சோளக் கடை. அன்று சாயங்காலம் அங்கே இருந்தவர்களைச் சொல்கிறேன். நான். என் மனைவி. என் சகலை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர். அப்புறம் என் அண்ணன். அவ்வளவுதான்.

நான் டவுனில் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். படித்தது ஐந்தாவது. பௌர்ணமி அன்று மட்டும் மண்டிக்குப் போக மாட்டேன். வீட்டுக்கு எதிரில் பாதை ஓரமாக அடுப்பு மூட்டிச் சோளம் வேகவைத்து விற்போம். சகலை கூட வந்து ஒத்தாசை செய்வார்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயது. பிறந்ததிலிருந்து பேச்சு வராது. சொன்னால் பாதி புரியும். சாப்பிடுவார், சிரிப்பார், காக்கிச் சட்டையைக் கண்டால் ஒளிந்துகொள்வார். அப்பா அம்மா போன பிறகு எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என் மனைவிதான் அவருக்குச் சாப்பாடு போட்டது, முகம் கழுவிவிட்டது எல்லாம். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

அவர் எங்காவது போய்விடுவார் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. அதனால் மொபைல் வாங்கினதும் ஒரு வேலை செய்தேன். டவுனில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு சின்னப் பித்தளை வில்லையைக் கொடுத்தேன். என்ன பேர் என்று கேட்டார். பேர் வேண்டாம், நம்பர் வெட்டுங்கள் என்றேன். பத்து எண்ணையும் வெட்டிக் கொடுத்தார். அதை அண்ணனின் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டோம். வில்லைக்குப் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஊர் பேரைப் போட்டிருக்கலாம். தோன்றவில்லை. கையில் போன் வந்த புதிது. நம்பர்தான் பெரிதாகத் தெரிந்தது.

அந்தச் சிம்மையும் சும்மா வாங்கவில்லை. ஆயுசுக்கும் இன்கமிங் வரும் என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். அடையாளச் சீட்டு காபி கேட்டார். ரேஷன் கார்டு வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன்.

“அதுக்கு எதுக்குண்ணே அவ்ளோ தூரம் போய்ட்டு வரணும்? நான் பார்த்துக்கறேன். நீ எடுத்துட்டுப் போ,” என்றார்.

எனக்கும் மண்டிக்கு நேரமாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் எதைப் பார்த்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அன்று பௌர்ணமிக் கூட்டம் ஜாஸ்தி. இருட்டுகிற நேரம். மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள். சகலை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு குடும்பத்துக்கு ஆறு சோளம் உப்புத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் உட்கார்ந்திருந்த கோணிப்பை மட்டும் இருந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்கள் உடனே தேடி ஓடவில்லை. கூட்டம் முழுவதும் ஒரே பக்கமாகத்தான் நடக்கும். மலையைச் சுற்றிப் போகிறவர் எப்படியும் திரும்ப எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகள் தொலைந்தாலும் அப்படித்தான். ஒரு சுற்று வரும் வரை இருந்த இடத்தில் நின்றால் போதும். அதையே நினைத்து, அடுப்பை அணைக்காமல், வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விடிந்தது. அண்ணன் வரவில்லை.

பகலில் கூட்டம் கலைந்தது. பாதை முழுவதும் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றினேன். சகலை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். புறக்காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். மைக்கில் சொன்னார்கள். அண்ணனுக்குப் பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கத் தெரியும். ஆனால் மைக்கிலிருந்து வந்தால் தெரியாது.

மனைவிதான் தைரியம் சொன்னாள்.

“நம்பர் இடுப்புல இருக்குது. எவனாச்சும் ஒருத்தன் பார்ப்பான். பார்த்தா பண்ணுவான்.”

அதனால் போனைச் சார்ஜ் போட்டு எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று ராத்திரி முழுவதும் உட்கார்ந்தோம். அடுத்த நாளும் உட்கார்ந்தோம். அடிக்கவில்லை. அது பெரிய குறையாகவும் படவில்லை. எங்கள் ஊர் மலைக்குப் பின்னால் இருக்கிறது. டவர் சரியாகக் கிடைக்காது. திரையில் டவர் கோடு இல்லாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கம். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வைத்த பக்கத்து வீட்டுக்குப் போய் மேலே நின்று பார்த்தாள். அங்கேயும் அடிக்கவில்லை. அண்ணன் இடுப்பை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அவள் இரண்டு நாளும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் காலையில் சகலை வந்தார். தன் போனிலிருந்து என் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். காதில் வைத்தவர் முகம் மாறிவிட்டது.

“இன்னா சகல, இது போனா, கால்குலேட்டரா? இந்த நம்பரே உபயோகத்துல இல்லன்னு சொல்றா ஒருத்தி.”

அவருக்கு எப்போதும் கிண்டல்தான். ஆனால் சொல்லி முடித்ததும் அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

போன் உயிரோடு இருந்தது. விளக்கு எரிந்தது. மணி காட்டியது. ஆனால் யார் கூப்பிட்டாலும் வராது. எத்தனை நாளாக என்று தெரியாது. அதற்கு முன் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் எஸ்.எம்.எஸ். வந்துகொண்டே இருந்தது. பாட்டு வைக்கச் சொல்லி, ஜோசியம் பார்க்கச் சொல்லி வருகிறதுதானே என்று அழித்துக்கொண்டே இருந்தேன். எச்சரிக்கையும் அதிலேயே வந்திருக்கும்.

நானும் மனைவியும் டவுனுக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத். அதை நடத்தியது ஒரு அம்மா. கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரைச் சகலை எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒருவர் நிற்கத்தான் இடம். நான் உள்ளே, மனைவி வெளியே. கதவை மூடவில்லை.

தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது. அழுத்தினேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னது. மறுபடி அழுத்தினேன். பூத் அம்மா எழுந்து வந்து, முதலில் நட்சத்திரத்தை அழுத்து, அப்புறம்தான் எண் ஏறும் என்று காட்டிக் கொடுத்தார். அதற்குள் லைன் போய்விட்டது.

இரண்டாம் தடவை தமிழ் வந்தது. அதற்கு இரண்டு, இதற்கு மூன்று என்று சொல்லிக்கொண்டே போனது. எனக்கு வேண்டியது எந்த எண்ணிலும் இல்லை. கடைசியில் ஒன்பதை அழுத்தினால் ஆள் பேசுவார் என்றது. அழுத்தினேன். ஒரு இசை போட்டார்கள். நடுநடுவே உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றார்கள். மீட்டரில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. காது வேர்த்தது. ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

ஒரு பையன் குரல் வந்தது. எந்த வகையில் உதவ வேண்டும் சார் என்று கேட்டது. மண்டியில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நம்பரைச் சொன்னேன். யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். என் பேரைச் சொன்னேன். அப்பா பேரைச் சொன்னேன். பிறந்த தேதி கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதைச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, நீங்கள் தரும் விவரம் எங்களிடம் இருப்பதோடு பொருந்தவில்லை சார் என்றார். நான் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். புரிகிறது சார், ஆனால் விவரம் பொருந்தவில்லை என்றார். பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார் என்று கேட்டார்.

வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். நட்சத்திரம், ஒன்று, ஒன்பது, இசை. இந்தத் தடவை வேறு ஆள். அதே கேள்வி. மனைவியின் பேரைச் சொல்லிப் பார்த்தேன். பொருந்தவில்லை. மூன்றாம் தடவை மனைவியே உள்ளே வந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

“எங்க பேர்ல இல்லன்னா வேற யார் பேர்லதான் இருக்குது? அத்த சொல்லு தம்பி, நாங்க போய்க் கால்ல விழறோம்.”

அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றார் அவர். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கால் ஓய்ந்துபோனது. நூறு மூட்டை இறக்கின அன்றுகூட அப்படி ஓய்ந்ததில்லை. பூத் அம்மா ஒரு ஸ்டூலை உள்ளே தள்ளினார். அது நுழையவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு மறுபடி போட்டேன்.

இந்தத் தடவை ஒரு பெண். பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். நான் காதில் வாங்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வருத்தம் உண்டு. அவளும் அதே விவரங்களைக் கேட்டாள். பொருந்தவில்லை என்றாள். ஆனால் வேறு உதவி வேண்டுமா என்று கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டாள்.

“அந்த நம்பரேதான் வேணுமாண்ணா? புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமே. ஏன் அதே நம்பர் கேக்கறீங்க?”

காலையிலிருந்து யாரும் அதைக் கேட்கவில்லை.

“அந்த நம்பர் எங்க அண்ணன் இடுப்புல இருக்குதும்மா,” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வில்லை, சோளக் கடை, நான்கு நாள். அவள் குறுக்கே பேசவில்லை. பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சார், மேடம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்.

“இந்தக் கால் ரெக்கார்டு ஆகும்ணா. சொல்லக்கூடாதது நான் சொல்ல முடியாது.”

சரிம்மா என்றேன்.

“வேங்கிக்கால்ல அந்த மேடத்த உங்களுக்குத் தெரியுமா?”

எந்த மேடம் என்றேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“தெரிஞ்சா அவங்களையே எங்களுக்குப் பேசச் சொல்லுங்க. அவங்க பேசினா போதும். புது காபி ஒண்ணு கடையில கொடுக்கணும். இன்னிக்கே ஆயிடும். வச்சிடட்டுமாண்ணா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவும் கையை விரித்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தேன். அவள் சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“உனுக்கு மூட்டை தூக்கத்தான் தெரியும். அந்தப் பொண்ணு சொல்லிட்டா. ஊரு வேங்கிக்காலு. ஆளு பொம்பள. கடைக்கு நட.”

சிம் விற்ற கடைக்காரர் முதலில் என்னைத் தெரியவே தெரியாது என்றார். மனைவி கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. ஆள் கிடைக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். கடைக்கு வந்த இரண்டு பேர் அவளைத் தாண்டி நுழைய முடியாமல் திரும்பிப் போனார்கள். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் ஜெராக்ஸ். யார் யாரோ எதற்கோ கொடுத்துவிட்டுப் போன காபிகள். அதில் ஒன்றைத்தான் என் சிம்முக்கு வைத்திருக்கிறார். வேங்கிக்கால் முகவரி மூன்று கிடைத்தது. இரண்டு ஆண். ஒன்று பெண்.

வேங்கிக்காலில் புது வீடுகள் கட்டின பக்கம் அது. மதியம் சாப்பாட்டு நேரம். கதவைத் திறந்தது அந்த அம்மாதான். ஜெராக்ஸில் முகம் கறுப்பாக இருந்தது, ஆனால் அடையாளம் தெரிந்தது. ஏதோ கவர்மென்ட் ஆபீஸில் வேலை. சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார். கையில் சோறு ஒட்டியிருந்தது.

உள்ளதைச் சொன்னேன். மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் சிவந்துவிட்டது.

“அப்ப இத்தன மாசமா என் பேர்ல நீ பேசிட்டிருந்திருக்க.”

“பேசலீங்க. வர்றத எடுக்கறதோட சரி,” என்றேன்.

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு வந்த கோபம் நியாயமானது. இந்த நம்பரை வைத்து நாங்கள் யாரை மிரட்டினோமோ, எந்தக் கேஸில் யார் மாட்டுவதோ என்றார். நமக்கெதற்கு வம்பு, கதவைச் சாத்து என்றார். அந்த அம்மா சாத்தவில்லை. ஆனால் உள்ளே வரவும் சொல்லவில்லை.

“போன மாசம் கம்பெனியிலேர்ந்து ஒரு லெட்டர் வந்துச்சு,” என்றார். “இந்த நம்பர் உங்களதான்னு கேட்டு. எனக்கு இப்படி நம்பரே இல்லன்னு எழுதிப் போட்டேன். அதனாலதான் கட் பண்ணிட்டாங்களா?”

அப்போதுதான் எங்களுக்கே விஷயம் விளங்கியது. அவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். தப்பு எங்கள் பக்கம்தான். அதைச் சொன்னேன். உங்கள் மேல் குற்றம் இல்லீங்க என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

“பேச்சே வராதா அவருக்கு?” என்று என் மனைவியைக் கேட்டார்.

“வராதுங்க. பசிச்சா வயித்தக் காட்டுவாரு.”

அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் இருந்த போனை எடுத்தார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். அவருக்கும் அந்த இசையைத்தான் போட்டிருப்பார்கள். வெகு நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். அப்புறம் அந்த அம்மா தன் பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் சொன்னார். கடைசியில், அது என் நம்பர்தான், போன தடவை தெரியாமல் இல்லையென்று எழுதிவிட்டேன் என்றார். அரசாங்க வேலையில் இருக்கிறவர். யாரென்றே தெரியாத எங்களுக்காக அந்தப் பொய்யைச் சொன்னார்.

புது ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.  கும்பிட்டேன். அவர் கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை.

“ஒரு மாசம் டைம். அதுக்குள்ள உன் கார்ட கொடுத்து உன் பேர்ல மாத்திக்கோ. இல்லன்னா நானே எழுதி கட் பண்ணிடுவேன்,” என்றார்.

காபியைக் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் உடனே அதைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். ஊருக்குப் போனால் டவர் கிடைக்காது என்பதால் டவுனிலேயே மண்டி வாசலில் உட்கார்ந்தோம். போனை மனைவி மடியில் வைத்திருந்தாள். நான்கு மணிக்கு ஒரு கோடு வந்தது. பிறகு இரண்டு, மூன்று.  போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடித்தது. நான் எடுத்தேன். ஒரு ஆண் குரல். அந்தப் பக்கம் அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. 

“அலோ, எடுத்துட்டீங்களா?” என்றார். “இங்க ஒருத்தர் இருக்கறாரு. இடுப்புல நம்பர் கட்டிக்கினு.”

செஞ்சி ரோட்டில், கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஒரு டீக்கடை. ஸ்பெஷல் பஸ்ஸில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டிருக்கிறார் அண்ணன். டிக்கெட் கேட்டு, பதில் வராமல், வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குதிகால் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. மனைவியைப் பார்த்ததும் வயிற்றைக் காட்டினார். அவள் அப்போதுதான் அழுதாள்.

டீக்கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். போலீஸில் விடச் சொல்லிப் பலரும் சொன்னார்களாம்.

“காக்கியப் பார்த்தா பெஞ்சுக்கு அடியில பூந்துக்கறாரு. நம்பர் இருக்குதே, என்னிக்கு இருந்தாலும் எடுப்பாங்கன்னு விட்டுட்டேன்,” என்றார்.  அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

அண்ணன் அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு இருந்து, வீட்டிலேயே கண்ணை மூடினார். நம்பரை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். வேங்கிக்கால் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். போனில் பேசிய பெண் யார், எந்த ஊர் என்று கடைசி வரை தெரியவில்லை. அவளைத் தேடி கஸ்டமர் கேர் நம்பருக்குப் போட்டால் வேறு யாராவதுதான் எடுத்தார்கள்.

அந்த டீக்கடையில் காசு போட்டுப் பேசுகிற சிவப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது. பால் கணக்கா என்று கேட்டேன். இல்லை, உங்கள் நம்பருக்குப் போடும்போதெல்லாம் ஒன்று இழுத்துவைத்தேன் என்றார். இப்போதெல்லாம் எனக்கு ஒரு காரியம் இரண்டு தடவையில் நடக்காமல், விட்டுவிடலாம் என்று மனசு சலிக்கும்போது அந்தச் சுவர்தான் கண்ணில் வந்து நிற்கிறது. அன்று கிளம்பும் முன் அந்தக் கோடுகளை எண்ணினேன்.

ஐம்பத்தெட்டு.